ஒரே ஒன்றியம், இரண்டு மண்

திருவெறும்பூர் ஒன்றியத்தை எனக்கு வரைபடத்தில் காட்டியவர் யாருமில்லை. அப்பாவின் சைக்கிள் காட்டியது. வடக்கே காவிரிக் கரையில் வேங்கூர், பத்தாளப்பேட்டை, கிளியூர்: நெல்லும் வாழையும். தஞ்சை சாலையைத் தாண்டித் தெற்கே போனால் குண்டூர், சூரியூர்: மானம் பார்த்த பூமி. மாட்டுப் பொங்கலன்று சூரியூர் ஜல்லிக்கட்டுக்கு என்னை முன்கம்பியில் உட்கார வைத்து மிதிப்பார். இரண்டு மண்ணையும் ஒரே ஒன்றியமாகக் கட்டியவர்கள் 1958-ஆம் ஆண்டுப் பஞ்சாயத்துச் சட்டத்தின் வழி வந்த அதிகாரிகள். ஆனால் அவர்களுக்கு வெகுகாலம் முன்பே, சோழர் காலத்து உய்யக்கொண்டான் வாய்க்கால் திருச்சியைக் கடந்து வாழவந்தான்கோட்டை ஏரி வரை வந்து வழியிலிருந்த ஊர்களைச் சேர்த்திருந்தது. என்னைக் கேட்டால் அதுதான் முதல் நிர்வாகம்.

நடுவில் நிற்கிறது எறும்பீசர் மலை. அப்பர் பாடிய தலம். 1750-களில் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் இதைச் சுற்றிச் சண்டையிட்டார்கள்.

எங்கள் தலைமுறையை மாற்றியது 1965. பெல் கொதிகலன் ஆலையில் உற்பத்தி தொடங்கியது. அடுத்து துப்பாக்கித் தொழிற்சாலை வந்தது. வயலுக்குப் போன அப்பா ஷிப்டுக்குப் போனார். விடிகாலைச் சங்குதான் எங்கள் வீட்டுக் கடிகாரம். துவாக்குடியில் இரும்பு வெட்டும் பட்டறைகள் வரிசையாக முளைத்தன.

2011-இல் திருவெறும்பூர் பேரூராட்சி திருச்சி மாநகராட்சியோடு சேர்ந்தது. ஊர் நகரமாயிற்று, ஆனால் ஒன்றியத்துக்கு அதன் பெயர் இன்னும் இருக்கிறது. சூரியூர்க்காரர்கள் இப்போதும் "ஒன்றியத்துக்குப் போறேன்" என்று சொல்லித்தான் பஸ் ஏறுகிறார்கள்.