நல்ல நிய்யத் மட்டும் போதுமா?

பரீட்சைக்கு சிரிமா–சாஸ்திரி ஒப்பந்தம் என்றால் ஒரு திகதியும் சில தொகைகளும் போதும். ஹட்டன், நுவரெலியாப் பக்கம் படிப்பிக்கிற எங்களுக்கு அது போதாது. இங்கே பல குடும்பங்களின் சொந்தங்கள் கூடலூரிலும் கோத்தகிரியிலும் இருக்கிறார்கள். அவர்கள் ஏன் அங்கே போனார்கள் என்று பிள்ளைகளுக்கு நாம்தான் சொல்ல வேண்டும்.

1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போனது. இவர்கள் இலங்கையின் மக்கள், இலங்கைதான் பொறுப்பு என்பது நேருவின் நிலைப்பாடு. 1964 மே மாதம் அவர் மறைந்தார். 1962இல் சீனாவுடனான போரில் அடிபட்டிருந்த இந்தியாவுக்கு அயலவரின் நட்பு தேவைப்பட்டது. இழுபட்டுக்கொண்டிருந்த பிரச்சினையை முடித்துவைக்க வேண்டும் என்று பிரதமர் சாஸ்திரி நினைத்தார். நிய்யத்தில் குறை சொல்ல முடியாது.

1964 ஒக்டோபர் 30இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. 975,000 பேரில் 525,000 பேரை இந்தியா ஏற்கும், 300,000 பேருக்கு இலங்கை பிரசாவுரிமை கொடுக்கும். மிச்சம் 150,000 பேரின் கதையைப் பிறகு பார்ப்போம் என்றார்கள். 1974இல் அவர்களையும் சரிபாதியாகப் பங்கிட்டார்கள். 7 பேர் அங்கே என்றால் 4 பேர் இங்கே என்பதுதான் கணக்கு. மலையக மக்களின் தலைவர் தொண்டமான் இதை எதிர்த்தார். சம்பந்தப்பட்ட மக்களை யாரும் கேட்கவில்லை.

பிறகு என்ன நடந்தது? இந்தியப் பிரசாவுரிமை கேட்டு விண்ணப்பித்தவர்களின் தொகை 525,000ஐ எட்டவே இல்லை. இந்த மண்ணில் பிறந்தவர்கள் எதற்குப் போக வேண்டும்? ஆனாலும் 1970களில் பஞ்சம் வந்து தோட்டங்களில் பட்டினி கிடந்தபோது பலர் புறப்பட்டார்கள். அவர்களை ஏற்றிப்போன ரயிலுக்கு மக்கள் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் இறங்கினார்கள். அவர்களுக்காகத் தமிழ்நாடு அரசு 1968 முதல் நீலகிரியில் தேயிலைத் தோட்டங்கள் அமைத்தது. அங்கேயும் கொழுந்துதான் பறித்தார்கள். இங்கே 'இந்தியாக்காரர்' என்று ஒதுக்கப்பட்டவர்கள் அங்கே 'சிலோன்காரர்' ஆனார்கள்.

1984இல் யுத்தத்தால் கப்பல் நின்றது. இந்தியக் கடவுச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு பலர் லயத்திலேயே தங்கிவிட்டார்கள். அந்தச் சிக்கலை அவிழ்க்க 1988, 2003 சட்டங்கள் வரவேண்டியிருந்தது.

1987இலும் இதே பாடம்தான். அமைதிப்படை என்ற பெயரில் வந்த இந்தியப் படை சில மாதங்களிலேயே வடக்கில் யுத்தத்தில் இறங்கியது. 1990 மார்ச்சில் திரும்பிப் போகும்போது ஆயிரத்துக்கு மேற்பட்ட தன் சிப்பாய்களை இழந்திருந்தது. இடையில் அகப்பட்டு மாண்ட பொதுமக்களும் ஏராளம்.

வெளியிலிருந்து வரும் உதவியே வேண்டாம் என்று நாம் சொல்ல வரவில்லை. 2017இல் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் மோடி மலையகத்துக்கு மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். லயக் காம்பராவில் தலைமுறைகளைக் கழித்தவர்களுக்கு வீடு பெரிய விசயம். ஆனால் எந்த இடத்தில் வீடு, காணி உறுதி யார் பெயரில், அந்தக் காணி பிள்ளைகளுக்குப் போகுமா என்பதை அந்த வீட்டில் குடியிருக்கப் போகிறவர்களோடு உட்கார்ந்து பேசித்தான் தீர்மானிக்க வேண்டும். 1964இல் செய்யாமல் விட்ட வேலை அதுதான்.