ஒரு நாசிச் சீழும் இரு நோய்களும்: குதிரை மருத்துவத்தில் பல்வேர்ச் சீழும் கிளாண்டர்ஸும் (1749–1891)

முன்னுரை

பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் குதிரையின் நாசியிலிருந்து சீழ் வடிந்தால், உரிமையாளர் முதலில் அஞ்சியது கிளாண்டர்ஸ் என்னும் கொடிய நோயையே. அந்நோய் கண்டதாகக் கருதப்பட்ட குதிரைகள் கொல்லப்பட்டன. ஆயின், அதே அறிகுறியைப் பல்நோயும் தோற்றுவிக்கும். இவ்விரண்டையும் உறுதியாகப் பிரித்தறியும் வழி இல்லாமையின் விளைவுகளை இக்கட்டுரை ஆராய்கிறது.

பல்லும் சைனசும்

குதிரையின் மேல்தாடையில் பக்கத்திற்கு ஆறு கடைவாய்ப் பற்கள் உள்ளன. அவற்றுள் பின்னுள்ள பற்களின் வேர்கள், முக எலும்பினுள் அமைந்த காற்றறையான சைனசை ஒட்டி, மெல்லிய எலும்புத் தகட்டால் மூடப்பட்டுள்ளன. பல் பிளந்தோ சொத்தையாகியோ வேரில் சீழ் கட்டினால், அது தகட்டை அரித்துச் சைனசினுள் தேங்கி, அப்பக்க நாசி வழியே துர்நாற்றத்துடன் வடிகிறது. இந்நோய் பிற குதிரைகளுக்குத் தொற்றுவதில்லை. நோயுற்ற பல்லை அகற்றிச் சைனசைக் கழுவினால் பெரும்பாலும் குணமாகும்.

லாஃபோஸின் சிகிச்சை

பிரெஞ்சு அரசரின் குதிரை லாயத்தில் பணியாற்றிய எத்தியேன் கியோம் லாஃபோஸ், 1749இல் வெளியிட்ட நூலில், கிளாண்டர்ஸின் இருப்பிடம் மூக்கின் உட்சவ்வே என்றும், அது உடல் முழுவதையும் பற்றிய நோயன்று என்றும் வாதிட்டார். முக எலும்பைத் துளையிட்டுச் சைனசினுள் மருந்துநீர் செலுத்தும் முறையையும் முன்வைத்தார். உண்மையான கிளாண்டர்ஸை இம்முறை குணப்படுத்தாது. எனவே இதனால் தேறிய குதிரைகள், பல்வேர்ச் சீழாலோ பிற காரணங்களாலோ சைனஸ் அழற்சியுற்றவை எனக் கருதலாம். சிகிச்சை அவற்றுக்குப் பொருத்தமானதே; நோய்க்கு இட்ட பெயரே பொருந்தவில்லை.

அப்பெயர் மயக்கம் இருமுனைக் கேடு விளைத்தது. பல்லைப் பிடுங்கினால் பிழைத்திருக்கக்கூடிய குதிரை கொல்லப்படலாம். மெய்யாகவே கிளாண்டர்ஸ் உற்ற குதிரை சிகிச்சையின் பெயரால் லாயத்தில் தங்கி நோயைப் பரப்பலாம். கிளாண்டர்ஸ் தொற்றுமா என்ற சர்ச்சை பிரான்சில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் நீடித்தது. அது மனிதருக்கும் தொற்றும் என்பதை ரேயே 1837இல் நிறுவினார். 1882இல் லோஃப்லரும் ஷூட்சும் நோய்க்கிருமியைக் கண்டறிந்தனர். 1890–91இல் ரஷ்யாவில் உருவான மல்லின் சோதனையே உயிருள்ள குதிரையில் இந்நோயைக் கண்டறிய நம்பகமான வழி தந்தது.

முடிவுரை

ஆகவே, மல்லினுக்கு முற்பட்ட ஆவணங்களில் கிளாண்டர்ஸால் இறந்ததாகவோ குணமானதாகவோ பதிவான குதிரைகள் அனைத்தையும் அந்நோய்க்கணக்கில் சேர்ப்பது பொருந்தாது. அவற்றுள் ஒரு பகுதி, எவரும் வாயைத் திறந்து பார்த்திராத பல்நோயின் வரலாறாகவும் இருக்கக்கூடும்.