பார்பராவும் கோட்டிங்கனும்: பாடலை ஆவணமாக வாசித்தல்

1963 சனவரி 22 அன்று பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் தெ கோலும் மேற்கு ஜெர்மனியின் சான்சலர் அடனாவரும் எலிசே ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டனர். இரு நாட்டு நல்லுறவின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் இவ்வொப்பந்தத்தை மையமாகக் கொள்வர். மறு ஆண்டு கோட்டிங்கன் நகரில் பிறந்த ஒரு பாடலுக்கும் அவ்வரலாற்றில் இடமுண்டு என்பது என் கருத்து.

அதை இயற்றிய பார்பராவின் இயற்பெயர் மொனிக் செர்ஃப். 1930 சூன் 9 அன்று பாரிசில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். நாஜி ஆக்கிரமிப்புக் காலத்தில் அக்குடும்பம் ஊர் ஊராக ஒளிந்து வாழ்ந்தது. போருக்குப் பின், பாட்டி வர்வாராவின் பெயரைத் தழுவிப் புனைபெயர் சூடிக்கொண்டு, சேன் நதிக்கரையின் ‘லெக்லூஸ்’ என்ற சிற்றரங்கில் பாடினார். முதலில் பிராசன்ஸ், பிரெல் ஆகியோரின் பாடல்களையே பாடி இசைத்தட்டுகள் வெளியிட்டார். 1959இல் தந்தை நாந்த் நகரில் இறந்தார். அத்துயரே பின்னர் ‘நாந்த்’ என்னும் பாடலாயிற்று. சிறுவயதில் அத்தந்தையால் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளானதை அவர் எழுதிய தன்வரலாறு, 1997இல் அவர் மறைந்த பின்னரே வெளிவந்தது.

1964 சூலையில் கோட்டிங்கனின் ஒரு சிறு நாடக அரங்கு அவரை அழைத்தது. கணிதத்துக்குப் புகழ்பெற்ற அந்நகரின் பல்கலைக்கழகமே 1933இல் எம்மி நோய்தர், மாக்ஸ் போர்ன் முதலிய யூத அறிஞர்களைப் பணியினின்று அகற்றியது. பார்பரா தயக்கத்துடனேயே சென்றார். கேட்டிருந்த பெரிய பியானோ அரங்கில் இல்லாததால் பாட மறுத்தார். மூதாட்டி ஒருவர் தம் பியானோவைத் தந்துதவ, மாணவர்கள் அதைச் சுமந்து வந்தனர். நிகழ்ச்சி தாமதமாகத் தொடங்கியது; வரவேற்போ பெரிதாக இருந்தது. அவர் மேலும் சில நாள்கள் தங்கினார். இறுதி நாள் பிற்பகல் அரங்கின் தோட்டத்தில் அமர்ந்து ‘கோட்டிங்கன்’ பாடலை எழுதினார். முழுமைபெறாத நிலையிலேயே அன்றிரவு அதை மேடையேற்றினார்.

இதை எளிய மன்னிப்புப் பாடலாக வாசிப்பது பிழை. இறந்தோர் சார்பில் எவரையும் மன்னிக்கும் உரிமையை அப்பாடல் கோரவில்லை. நடந்ததை மறைக்கவுமில்லை. பாரிசின் குழந்தைகளும் கோட்டிங்கனின் குழந்தைகளும் ஒன்றே என்கிறது. குருதியும் வெறுப்பும் நிறைந்த காலம் மீளக்கூடாது என வேண்டுகிறது. அவ்வேண்டுதலுக்கு அது காட்டும் காரணமும் அரசியல் கோட்பாடன்று. தனக்கு அன்பானவர்கள் அந்நகரில் இருக்கிறார்கள் என்பதே.

1967இல் அவர் மீண்டும் கோட்டிங்கன் வந்து அப்பாடலை ஜெர்மன் மொழியிலும் பாடினார். 2003இல் எலிசே ஒப்பந்தத்தின் நாற்பதாம் ஆண்டு விழா வெர்சாய் அரண்மனையில் நடைபெற்றபோது, கோட்டிங்கனில் சட்டம் பயின்றவரான சான்சலர் ஷ்ரோடர் தம் உரையில் இப்பாடலை நினைவுகூர்ந்தார். ஒப்பந்தத்தின் விழாவிலேயே பாடலுக்கும் இடம் கிடைத்தது.

எனினும் இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதலாகாது. ஒப்பந்தம் அரசுகளைப் பிணைத்தது. பாடலோ, ஒளிந்து வாழ்ந்த ஒரு சிறுமி முப்பத்து நான்கு வயதில் தன் அச்சத்தைக் கடந்து வந்ததன் சான்று. சமரசத்தின் வரலாற்றை ஆராய்வோர், அரசுகள் கையொப்பமிட்ட நாளை மட்டுமன்றி, துன்புற்றவர் அந்நாட்டு எல்லையைக் கடக்க இசைந்த நாளையும் குறித்துக்கொள்ள வேண்டும்.