பிரியும் தீவு – 14: பன்னிரண்டு வாக்குகள்

2019 ஏப்ரல் 1, திங்கட்கிழமை இரவு. பிரிட்டன் மக்களவையில் சபாநாயகர் ஜான் பெர்கோ முடிவுகளை வாசிக்க எழுந்தார். நான்கு தீர்மானங்கள். உறுப்பினர்கள் நான்குக்கும் தாளிலேயே ஆம், இல்லை குறித்துக் கொடுத்திருந்தார்கள். அமைச்சரவை மட்டும் வாக்களிக்காமல் ஒதுங்கி நின்றது.

பிரதமர் தெரசா மேயின் விலகல் ஒப்பந்தம் அதற்குள் மூன்று முறை தோற்றிருந்தது. ஜனவரியில் 230 வாக்கு வித்தியாசம், மார்ச் 12-ல் 149, மார்ச் 29-ல் 58. ஏப்ரல் 12-க்குள் வழி பிறக்காவிட்டால், ஒப்பந்தமே இல்லாமல் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேற வேண்டியதுதான். அரசால் ஆகாததை அவையே செய்து பார்க்கத் துணிந்திருந்தது.

நான்கில் ஒன்று, தொழிற்கட்சியின் பீட்டர் கைலும் ஃபில் வில்சனும் முன்னின்ற தீர்மானம். எந்த ஒப்பந்தத்தை நாடாளுமன்றம் ஏற்றாலும் சரி, மக்கள் அதை வாக்களித்து உறுதி செய்த பிறகே அமலாக வேண்டும் என்றது அது. ஒன்பது நாள் முன்புதான், மார்ச் 23-ல், இதே கோரிக்கையோடு லண்டன் தெருக்கள் நிரம்பி வழிந்தன. பத்து லட்சம் பேர் திரண்டார்கள் என்றனர் ஏற்பாட்டாளர்கள்.

இன்னொரு வாக்கெடுப்பு கூடாது என்றவர்களை ஜனநாயகம் புரியாதவர்கள் என்று தள்ளிவிட முடியாது. 2016 ஜூன் 23 வாக்கெடுப்பில் ஒன்றியத்தை விட்டு விலகச் சொன்னவர்கள் 1,74,10,742 பேர். இருக்கச் சொன்னவர்கள் 1,61,41,241 பேர். வாக்கெடுப்புக்கு முன் அரசே வீடு வீடாக அனுப்பிய துண்டறிக்கை, நீங்கள் எடுக்கும் முடிவை நிறைவேற்றுவோம் என்று வாக்குறுதி தந்திருந்தது. ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட்டில் நூற்றுக்கு 69 பேர் விலகச் சொன்னார்கள். மட்பாண்டத் தொழில் நலிந்த அந்த ஊரில், தங்கள் வாக்குக்கு மதிப்பு உண்டு என்று பலர் நெடுநாளைக்குப் பிறகு நம்பிய தருணம் அது. அவர்களிடம் போய், மறுபடியும் வாருங்கள் என்று எப்படிச் சொல்வது?

வேண்டும் என்றவர்களின் பதிலும் வலுவானது. 2016 வாக்குச்சீட்டில் இருப்பதா, விலகுவதா என்ற கேள்வி மட்டுமே இருந்தது. எப்படி விலகுவது என்று யாரும் கேட்கவில்லை. சுங்க ஒன்றியத்தில் இருந்துகொண்டா, முழுதாக அறுத்துக்கொண்டா? அயர்லாந்து எல்லை என்ன ஆகும்? விலை தெரியாமல் கொடுத்த சம்மதத்தை, விலை தெரிந்தபின் உறுதி செய்யச் சொல்வது துரோகமாகுமா என்று கேட்டார்கள். முன்னுதாரணங்களும் இருந்தன. மாஸ்ட்ரிக்ட் உடன்பாட்டை 1992-ல் நிராகரித்த டென்மார்க் மறு ஆண்டே ஏற்றது. லிஸ்பன் உடன்பாட்டை 2008-ல் மறுத்த அயர்லாந்து 2009-ல் ஒப்பியது. ஆனால் இந்த உதாரணங்களே எதிரணிக்கும் ஆயுதமாயின. பிரஸ்ஸல்ஸுக்குப் பிடித்த பதில் வரும்வரை மக்களை வாக்குச்சாவடிக்கு அனுப்புவார்கள், பாருங்கள் என்றார்கள். இதே விலகல் அணியின் நைஜல் ஃபராஜ், 2016 வாக்கெடுப்புக்கு ஒரு மாதம் முன்பு வேறு மாதிரிப் பேசியிருந்தார். 52-க்கு 48 என்று தன் தரப்பு தோற்றால் விவகாரம் முடிந்ததாகாது என்று அவரே பத்திரிகைக்குச் சொன்னது பலருக்கு நினைவிருந்தது.

வேண்டும் என்றவர்களின் உண்மையான சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. சீட்டில் எதை அச்சடிப்பது? மேயின் ஒப்பந்தமா, ஒப்பந்தமற்ற விலகலா, ஒன்றியத்திலேயே இருப்பதா? மூன்றையும் வைத்தால் எப்படி எண்ணுவது? இரண்டை மட்டும் வைத்தால் விடுபட்ட தரப்பு முடிவை ஏற்குமா? சட்டம் இயற்றி, கேள்வியைச் சோதித்து, பிரசாரம் நடத்தி முடிக்கக் குறைந்தது 22 வாரங்கள் ஆகும் என்று லண்டன் யூனிவர்சிட்டி காலேஜின் அரசமைப்பு ஆய்வாளர்கள் கணக்கிட்டிருந்தார்கள். கையில் இருந்ததோ பதினோரு நாள்.

பெர்கோ வாசித்தார். மூத்த உறுப்பினர் கென் கிளார்க்கின் சுங்க ஒன்றியத் தீர்மானம்: ஆதரவு 273, எதிர்ப்பு 276. மூன்றே வாக்கு! ஒற்றைச் சந்தையில் தொடரும் நிக் போல்ஸின் யோசனை: 261, 282. கைலும் வில்சனும் முன்னின்ற ‘மக்கள் வாக்கு’த் தீர்மானம்: 280, 292. ஒப்பந்தம் இல்லாமல் விலகும் நிலை வந்தால் விலகலையே கைவிட வழிசெய்யும் ஜோவன்னா செரியின் தீர்மானம்: 191, 292.

நான்கில் மிக அதிக ஆதரவு பெற்றது மக்கள் வாக்குதான். அதுவும் பன்னிரண்டு வாக்கில் போயிற்று. தொழிற்கட்சித் தலைமை ஆதரிக்கச் சொல்லியும் அக்கட்சியின் இருபதுக்கும் மேற்பட்டோர் எதிர்த்து வாக்களித்தார்கள். பெரும்பாலும் விலகலை விரும்பிய தொகுதிகளின் உறுப்பினர்கள். மறுபக்கம், மக்கள் வாக்குக்காக முழங்கியவர்களில் சிலர் கிளார்க்கின் தீர்மானத்துக்கு ஆதரவு தரவில்லை. மென்மையான விலகல் வென்றால் வாக்கெடுப்புக் கனவு கலைந்துவிடும் என்ற பயம் அவர்களுக்கு. இரு தரப்பும் ஒருவர் தீர்மானத்தை மற்றவர் தாங்கியிருந்தால் அன்றிரவே வரலாறு வேறு பாதையில் திரும்பியிருக்கும் என்பது என் உறுதியான எண்ணம். நிக் போல்ஸ் அவையிலேயே எழுந்து, தன் கட்சி விட்டுக்கொடுக்க மறுப்பதாகச் சொல்லி, கன்சர்வேட்டிவ் கட்சியை விட்டு விலகுவதாக அறிவித்துவிட்டு வெளியேறினார்.

மறுநாள் அமைச்சரவை ஏழு மணி நேரத்துக்கு மேல் கூடியது. முடிந்ததும் மே தொலைக்காட்சியில் தோன்றி, எதிர்க்கட்சித் தலைவர் ஜெரமி கோர்பினைப் பேச்சுக்கு அழைத்தார். மேயின் கட்சிக்காரர்களே திகைத்தார்கள்.

ஏப்ரல் 3, புதன்கிழமை. தொழிற்கட்சியின் ஹிலரி பென் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். வரும் திங்களன்று மாற்று வழிகள்மீது மூன்றாவது சுற்று வாக்கெடுப்பு நடத்தலாம் என்றது அது. நிறைவேறினால் மக்கள் வாக்குக்கு இன்னொரு வாய்ப்பு. பன்னிரண்டு பேர் குறைவதைச் சரிக்கட்ட நான்கு நாள் அவகாசம்.

எண்ணியவர்கள் வந்து நின்றார்கள். ஆதரவு 310. எதிர்ப்பு 310.

சமநிலை! 1993-ல் மாஸ்ட்ரிக்ட் விவாதத்துக்குப் பிறகு மக்களவை இப்படியொன்றைக் கண்டதில்லை. இனி முடிவு ஒரே ஒருவர் கையில். விலகல் அணி யாரைப் பகைவராக நினைத்ததோ, அந்த ஜான் பெர்கோ. அவர் வாக்கு எந்தப் பக்கம் விழுந்தது?

(தொடரும்)