கலயத்துச் சுண்ணாம்பு

பனைமரத்தில் கட்டும் கலயத்தின் உட்புறம் பூசும் சுண்ணாம்பை நாம் பெரும்பாலும் சட்டத்தின் கண்ணால்தான் பார்க்கிறோம். 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் தொடங்கிய மதுவிலக்கு, 1948-இல் சென்னை மாகாணம் முழுவதையும் எட்டியது. பூசிய கலயத்தில் இறங்குவது பதநீர், பூசாததில் இறங்குவது கள் என்ற ஊரறிந்த வேறுபாடு அப்போது குற்றத்துக்கும் தொழிலுக்கும் நடுவே கிழித்த கோடாயிற்று. சுண்ணாம்பு போதையைத் தடுக்கும் பொருள் என்ற எண்ணமும் ஊன்றிவிட்டது. அது பாதி உண்மைதான். கருப்பட்டி காய்ச்சுகிறவருக்குச் சுண்ணாம்பு தேவைப்பட்ட காரணம் வேறு. மதுவிலக்குக்கு நெடுங்காலம் முந்தியது அது.

பனஞ்சாற்றின் இனிப்பு பெரும்பாலும் சுக்ரோஸ்; கரும்பின் இனிப்பும் அதுவே. குளுக்கோஸ் ஒன்றும் ஃபிரக்டோஸ் ஒன்றும் இணைந்தது சுக்ரோஸ். அந்த இணைப்பில் ஒரு நீர் மூலக்கூறின் அளவு குறைந்திருக்கும். பிரியும்போது அந்த நீரைத் திரும்ப வாங்கிக்கொள்ளும். 342 கிராம் சுக்ரோஸ் 18 கிராம் நீரை வாங்கிப் பிரிந்தால் 180 கிராம் குளுக்கோஸும் 180 கிராம் ஃபிரக்டோஸும் கிடைக்கும். எடை குறையவில்லை, இனிப்பும் போய்விடவில்லை. ஆனால் சுக்ரோஸ் நன்றாக உறையும். பிரிந்த சர்க்கரைகள் கலந்த பாகோ எளிதில் உறையாது, காற்றின் ஈரத்தை இழுத்துப் பிசுபிசுக்கும். பாளையிலிருந்து சொட்டும் சாற்றில் ஈஸ்ட் விரைவில் குடியேறி, முதலில் சுக்ரோஸைப் பிரிக்கிறது. பிரிந்த சர்க்கரைகளைப் பிறகுதான் ஆல்கஹாலும் கரியமில வாயுவுமாக மாற்றுகிறது. சட்டத்தின் கவலையெல்லாம் இந்த இரண்டாம் படியைப் பற்றியது. கருப்பட்டிக்காரரின் நட்டமோ முதல் படியிலேயே தொடங்கிவிடுகிறது.

நுண்ணுயிரைத் தடுப்பதுதான் சுண்ணாம்பின் வேலை, அதற்குமேல் ஏன் பொருள் தேட வேண்டும் என்று கேட்கலாம். அது மட்டுமே வேலை என்றால், இறக்கிய சாற்றை உடனே அடுப்பேற்றினால் போதும். கொதியில் ஈஸ்ட் செத்துவிடும். ஆனால் புளித்த சாற்றைக் காய்ச்சினால் கருப்பட்டி சரியாக உறைவதில்லை. ஈஸ்ட் செத்தாலும் புளிப்பில் உண்டான அமிலம் சாகாது. கொதிக்கக் கொதிக்க அது சுக்ரோஸைப் பிரிக்கும் வேகம் கூடுமே தவிரக் குறையாது. மரத்தின் மேல் நுண்ணுயிரை அடக்கிய அதே சுண்ணாம்பு, கருப்பட்டி காய்ச்சும் குடிசையான விடிலியின் அடுப்பிலும் அமிலத்தை முறித்துச் சர்க்கரையைக் காக்கிறது. கரும்பாலைகள் சாற்றில் சுண்ணாம்பு சேர்ப்பதன் காரணங்களில் இதுவும் ஒன்று. சுண்ணாம்பு அளவு மீறினாலும் கேடுதான்: நிறம் கறுக்கும், சுவை கெடும். பூச்சின் கனம் பழகிய கைக்குத்தான் தெரியும்.

மூலக்கூறு என்ற சொல்லே அறியாதவர்களின் பழக்கத்துக்கு வேதியியல் பட்டம் சூட்டுவது வீண் பெருமை என்பது இன்னொரு மறுப்பு. இதை எளிதில் தள்ளிவிட முடியாது. சுக்ரோஸ் ஏன் பிரிகிறது என்று பனையேறிகள் விளக்கினார்கள் என நான் சொல்லவில்லை. ஆனால் இதே வினையை ஐரோப்பா ஆராய்ந்த வரலாற்றையும் பார்க்க வேண்டும். அமிலத்தில் சுக்ரோஸ் பிரியும் வேகத்தை, கரைசலின் ஊடே செல்லும் ஒளியின் திருப்பத்தைக் கொண்டு 1850-இல் அளந்தார் ஜெர்மானியரான லுட்விக் வில்ஹெல்மி. வேதிவினைகளின் வேகத்தைக் கணிக்கும் துறை அங்கே பிறந்தது. சுக்ரோஸைப் பிரிக்கும் இன்வெர்டேஸ் நொதியை ஈஸ்டிலிருந்து 1860-இல் பிரித்தெடுத்தார் பிரெஞ்சு வேதியியலாளர் பெர்த்தலோ. சுக்ரோஸின் முழு அமைப்பு துலங்கியது இருபதாம் நூற்றாண்டில்தான். அமைப்பு தெரியாமலே வில்ஹெல்மி அளந்தது அறிவியல் என்றால், அமைப்பு தெரியாமலே அந்த வினையை நிறுத்தி வைத்ததும் அறிவுதான். அவர் அளந்து எழுதிவைத்தார். இவர்கள் கையோடு கைமாற்றினார்கள். வேறுபாடு அங்கே இருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை.

சுக்ரோஸ் பிரிவதை நிறுத்தி வைத்த அந்த அறிவுக்குக் கண்ணெதிரே உள்ள சான்று பனங்கற்கண்டு. பாகைப் பல வாரம் அசையாமல் வைத்து, நூலில் படிகம் படிய விடுவார்கள். சுக்ரோஸ் பெருமளவு பிரிந்த பாகில் அந்தப் படிகம் வளராது. 2023-இல் உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் வரலாற்றை எழுதப் புகுவோர் கள்ளுக்கடையிலிருந்து தொடங்க வேண்டாம், கலயத்திலிருந்து தொடங்கட்டும். பூச்சுக் குறைந்த கலயத்தின் சாறு போதை ஏறுமுன்னரே கருப்பட்டிக்கு உதவாமல் போய்விடும்.