அலிகார் விடுதியின் மாணவர் உலகம்

தில்லிக்கும் கான்பூருக்கும் இடையே இரயிலில் போய்வரும் நம்மவர்க்கு அலிகார் என்றதும் பூட்டுத்தான் நினைவுக்கு வரும். திண்டுக்கல்லைப் பற்றிப் பிறர் நினைப்பதும் அவ்வாறே. ஆயின் அவ்வூரில், முன்பு இராணுவ முகாம் இருந்த திடலிலே, 1875-ஆம் ஆண்டில் ஒரு பள்ளியாகத் தொடங்கி, 1877-இல் வைசிராய் லிட்டன் பிரபு அடிக்கல் நாட்ட, கலாசாலையாக வளர்ந்ததே முகம்மதிய ஆங்கிலோ-ஓரியண்டல் கல்லூரி. ஆடவர் மட்டுமே பயின்ற அக்கல்லூரியின் விடுதி வாழ்க்கையைச் சற்று நோக்குவோம்.

அதனை நிறுவிய சர் சையத் அகமது கான் 1869-இல் இங்கிலாந்து சென்று, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தை நேரிற் கண்டவர். அவருடைய மகன் சையத் மகமூது அங்கேயே பயின்றார். வகுப்பறையில் கேட்கும் பாடத்தைவிட, ஒரே கூரையின்கீழ் உண்டு உறங்கி விளையாடி வாழ்வதே இளைஞரை உருவாக்குகிறது என்னும் கருத்தோடு அவர் திரும்பினார். நம் நாட்டுக் குருகுலத்திலும் மாணாக்கர் வீட்டைத் துறந்து வாழ்ந்தனர். ஆனால் அங்கே குருவின் பார்வையே எல்லாம். அலிகாரிலோ, உடன் தங்கிய மூத்த மாணவனே பாதி ஆசிரியன்.

செங்கல்லால் கட்டிய அறைகள் பக்கா பாரக் என்றும், மண்சுவர் வைத்துக் கட்டியவை கச்சா பாரக் என்றும் வழங்கின. செல்வர் வீட்டுப் பிள்ளைகள் முன்னதிலும் மற்றவர்கள் பின்னதிலும் தங்கினர். சகோதரத்துவம் பேசிய இடத்திலும் சுவர்கள் பணத்தை மறக்கவில்லை! எனினும் உடை இவ்வேற்றுமையைப் பெரிதும் மறைத்தது. கறுப்பு நிறத் துருக்கிக் கோட்டும் சிவப்புக் குல்லாயும் அணிந்த இளைஞனைக் கண்டால், அவன் அலிகார் மாணவன் என்று வட இந்தியா முழுவதும் அறிந்துகொண்டது. கணிதம் கற்பித்த ராமசங்கர மிசிரர் அங்கே கிரிக்கெட் ஆட்டத்திற்கு வித்திட்டார். கல்லூரியின் முதற் பட்டதாரி ஈசுவரி பிரசாத் என்னும் இந்து மாணவர் என்பதும் நாம் மறவாதிருக்க வேண்டிய செய்தி.

புதிதாக வருபவனைக் கேலி செய்வது விடுதிகளின் பழைய வழக்கம். இந்நூற்றாண்டுகளில் அது எத்தனையோ இடங்களில் கொடுமையாக முற்றிவிட்டதை நாம் அறிவோம், அதனைப் போற்றுவதற்கில்லை. அலிகாரில் நிகழ்ந்த ஒன்றை மட்டும் சொல்வோம். சிற்றூரிலிருந்து வந்த ஒரு மெலிந்த இளைஞர், பழைய பாணி உடையும் கையில் வெற்றிலைச் செல்லமுமாக விடுதியில் வந்து இறங்கினார். மாணவர்கள் அவருக்கு உடனே ‘காலா அம்மா’ என்று பெயர் சூட்டினர். நம் வழக்கில் சொன்னால், ‘சித்தி’. அந்தச் சித்திதான் பிற்காலத்தில் உருதுக் கவிஞராகவும், ‘இன்குலாப் சிந்தாபாத்’ என்னும் முழக்கத்தைத் தந்தவராகவும் விளங்கிய ஹஸ்ரத் மொஹானி. 1908-இல் இராசத் துரோகக் குற்றத்திற்காகச் சிறை சென்றார். அவரைக் கண்டு சிரித்தவர்களுள் எத்தனை பேர்க்கு அத்துணிவு இருந்ததோ!

1884-இல் தோன்றிய சிடன்ஸ் யூனியன் சங்கம் கேம்பிரிட்ஜ் விவாத மன்றத்தைப் பின்பற்றியது. முதல் முதல்வர் சிடன்ஸின் பெயரை அது தாங்கியது. தலைமை பீடம் முதல்வருக்கே உரியது. ஆட்சியை எதிர்க்கும் அரசியலுக்கு அங்கே இடம் அரிது. 1890-இல் அஃப்தாப் அகமது கான் தொடங்கிய ‘கடமைச் சங்கம்’ வேறு வகையினது. விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவர்கள் வீடுவீடாக நிதி திரட்டி, ஏழை மாணவர்களின் கட்டணத்திற்கு உதவினர். கை நீட்டி இரப்பது செல்வர் மகனுக்கு எளிதன்று. விவாத மேடையில் பெற்ற பரிசுகளைவிட இதனையே நாம் உயர்வாக மதிக்கிறோம்.

கூடி வாழ்ந்தவர் கூடிப் பணியவும் கற்றனர், கூடி மறுக்கவும் கற்றனர். 1907-இல் அலிகார்ப் பொருட்காட்சியில் ஒரு மாணவனுக்கும் காவலர்க்கும் எழுந்த பூசல், முதல்வர் ஆர்ச்போல்டுக்கு எதிரான வேலைநிறுத்தமாக மூண்டது. கல்லூரியைச் சில காலம் மூட நேர்ந்தது. 1920 அக்டோபரில் காந்தியடிகளும், அக்கல்லூரியின் பழைய மாணவரான முகம்மது அலியும் அங்கு வந்து, அரசாங்க உதவி பெறும் கல்வியைத் துறக்குமாறு அழைத்தனர். உடன் உண்டவர்கள் இரண்டாகப் பிரிந்தனர். வெளியேறியவர்களுக்காக, அதே மாதம் 29-ஆம் நாள், கல்லூரிப் பள்ளிவாசலிலேயே ஜாமியா மில்லியா தொடங்கப்பெற்றது. 1925-இல் அது தில்லிக்குச் சென்றது. அவ்வாறு வெளியேறிய மாணவருள் ஒருவர் ஜாகிர் உசேன். 1948-இல் அதே அலிகாருக்குத் துணைவேந்தராகத் திரும்பி வந்தார். 1967-இல் குடியரசுத் தலைவரானார்.

இவ்வளவு கூறியும் ஒரு பாதியைக் கூறாதிருக்கிறோம். சகோதரர் என்று ஒருவரையொருவர் அழைத்த இவ்விளைஞரின் உடன்பிறந்த சகோதரிகளுக்கு அவ்வாயில் திறக்கவில்லை. பழைய மாணவரான ஷேக் அப்துல்லாவும் அவர் மனைவி வாகித் ஜகான் பேகமும் பெரும் எதிர்ப்பிற்கிடையே 1906-இல் பெண்களுக்கு ஒரு தனிப் பள்ளியை அவ்வூரிலேயே தொடங்கினர். அதற்குக் கை கொடுத்தவர் போபால் அரசி சுல்தான் ஜகான் பேகம். 1920 டிசம்பரில் கல்லூரி பல்கலைக்கழகமாக உயர்ந்தபொழுது, அதன் முதல் வேந்தராக அமர்ந்தவரும் முகத்திரை அணிந்த அந்த அரசியே.