அலிபிரியில் நின்ற மோட்டார்

வெளி மாநிலத்தில் வாழும் நாம், திருப்பதி யாத்திரை என்றதும் மலைமீது ஏறும் பஸ்ஸையே நினைக்கிறோம். 1944-க்கு முன் அவ்வாறு நினைக்க வழியில்லை.

அதற்கு முந்தைய பத்தாண்டில் வந்த மாரிஸ் டென் மோட்டாரை எடுத்துக்கொள்வோம். 1932-இல் இங்கிலாந்தில் வெளிவந்த இவ்வண்டி அங்கே நடுத்தரக் குடும்பத்துக்கு உரியது; இங்கோ வசதியுள்ளோர்க்கே எட்டியது. பெயரிலுள்ள பத்துக் குதிரைச்சக்தியோ வெறும் வரிக்கணக்கு! பிரிட்டிஷ் வரிவிதி ஸிலிண்டரின் குறுக்களவையும் எண்ணிக்கையையும் மட்டுமே கணக்கிட்டது. பிஸ்டன் ஓடும் தூரத்தைக் கருதவில்லை. ஆகவே ஸிலிண்டரை ஒடுக்கி, பிஸ்டன் ஓட்டத்தை நீட்டி எஞ்சின் அமைத்தனர். அதன் மெய்யான திறன் பத்தினும் மிக அதிகம்.

அத்தகைய வண்டியும் சித்தூரிலிருந்து சந்திரகிரி வழியே வந்து அலிபிரியில் நின்றாக வேண்டும். எஞ்சின் மீது குற்றமில்லை. மேலே மோட்டார்ப் பாதையே இல்லை. வண்டிக்கு உடையவரும் படியேற வேண்டும், அல்லது டோலியில் அமர வேண்டும். கால் தளர்ந்த பெற்றோரை எண்ணினால், மலைப்பாதை திறந்த 1944 நமக்குப் பெரிய ஆண்டே. ஏறவும் இறங்கவும் 1974 வரை அந்த ஒரே பாதைதான்.

மாரிஸ் டென் பின்னர் ஹிந்துஸ்தான் டென் என்னும் பெயரில் நம் நாட்டிலேயே உருவாயிற்று. அதனைச் செய்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1948-இல் உத்தர்பாராவுக்கு மாறியது; கல்கத்தாத் தமிழர்க்கு அவ்வூர் அறிமுகமானதே. சித்தூர் ஜில்லாவோ 1953-இல் சென்னை இராஜ்யத்தினின்று பிரிந்து ஆந்திரத்துடன் சேர்ந்தது.

அலிபிரியில் வண்டியை விட்டு, வேண்டுதலுக்காகப் படியேறுவோர் இன்றும் பலர்.